எக்ஸ் சமன் நாலு

போன மாதம் நான் கடைசியாகப் படிப்பித்த பாடசாலையிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் என்னைப் பார்க்க வந்தார். கொடுத்த தேநீரைக் குடித்து முடிக்கவில்லை, கைப்பேசியை எடுத்து மேசையில் கிடந்த பழைய கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் ஒரு கணக்கைப் படம் பிடித்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் சமன்பாடு, அதன் கீழே ஒவ்வொரு படியாக விளக்கம், கடைசியில் கட்டம் போட்ட விடை, எல்லாம் திரையில் வந்துவிட்டன.

"இனிமே பிள்ளைங்களுக்கு அட்சரகணிதத்துல பயமே இருக்காது டீச்சர். அத்தனை படியையும் இதுவே காட்டிருது" என்றார்.

கையிலிருந்த பிஸ்கட்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். அவர் பதறிப்போய், "என்ன டீச்சர், பிரஷரா?" என்று கேட்டார். "பிரஷர் இல்ல தம்பி, ஒரு பழைய கணக்கு ஞாபகம் வந்திருச்சு" என்றேன். அதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கேட்டு முடித்தவர், புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்கள் வாசிக்க வேண்டும், எழுதித் தாருங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. பிறந்தது வளர்ந்தது நுவரெலியா பஜாரில், அப்பாவின் புடவைக் கடைக்கு மேல் மாடியில். காலில் ஏறும் அட்டை என்றால் பயம், பஸ் வளைவில் திரும்பினால் பயம், இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே. கணிதத்துக்கும் பயம்தான். அந்தப் பயத்தினாலேயே ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பார்த்துப் பார்த்து நல்ல புள்ளி எடுத்தேன். நல்ல புள்ளி எடுத்ததால் கல்வியியற் கல்லூரியில் கணிதத்துக்கே போட்டுவிட்டார்கள். அங்கே பாடக் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டேன், விடுதிச் சாம்பாரைக் குறை சொல்லக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு நியமனக் கடிதம் வந்தது. ராகலையிலிருந்து உள்ளே போகும் தோட்டப் பாதையில், தேயிலை மலைக்கு நடுவே ஒரு பாடசாலை. பல பாடசாலைகள் மாறி, வேலைக்காலத்தின் பின்பாதியில் திரும்பவும் அதே பாடசாலைக்கு வந்து சேர்ந்தேன். நான் சொல்லப்போவது அந்தப் பின்பாதியில் நடந்தது.

அப்போது அதிபராக இருந்தவர் அந்தோனி சேர். ஒல்லியான மனிதர். கையில் எப்போதும் குடை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவருக்கு நடுங்காத ஆசிரியர் அந்தப் பாடசாலையில் இல்லை. பாடம் நடக்கும்போது சத்தமில்லாமல் பின்கதவால் வந்து, கடைசி வாங்குப் பலகைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நிற்பார். கரும்பலகையில் ஒரு வரி எழுதினால் அங்கிருந்து ஒரே ஒரு சொல் வரும்.

"ஏன்?"

பிள்ளை எழுதினாலும் கேட்பார், நான் எழுதினாலும் கேட்பார். காரணம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருப்பார். சொல்லத் தெரியாவிட்டால் திட்ட மாட்டார், தலையை ஆட்டாமல் நிற்பார், அவ்வளவுதான். அந்தத் தலை ஆடும்வரை வகுப்பில் யாருக்கும் மூச்சு வராது. எனக்கு உள்ளங்கை வியர்த்து வெண்கட்டி பிசுபிசுத்துப் போகும்.

வீட்டுப்பாடத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். சமன் குறிக்கு நேர் கீழே சமன் குறி வர வேண்டும். ஒரு வரியில் ஒரு வேலைதான் செய்ய வேண்டும், இரண்டு செய்யக் கூடாது. விடை வந்ததும் கட்டம் போட்டுவிட்டு ஓடக் கூடாது. அந்த விடையைத் திரும்ப முதல் வரியில் போட்டுப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எந்தக் கணித ஆசிரியரும் சொல்வார். அவர் கூட்டிச் சேர்த்தது இரண்டு. ஒன்று, வீட்டுப்பாடத்தின் கடைசிக் கணக்கு புத்தகத்தில் இருப்பதாக இருக்கக் கூடாது. பிள்ளை தன் வீட்டில், தோட்டத்து வரிசை வீடான தன் லயத்தில் பார்த்ததை வைத்துத் தானே ஒரு கணக்கு உண்டாக்கி, மறுநாள் கரும்பலகையில் செய்துகாட்ட வேண்டும். சொந்தக் கணக்கு என்று அதற்குப் பெயர். இரண்டாவது, வீட்டில் யாராவது ஒருவருக்கு எல்லாப் படிகளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்டால் போதும்.

முதலில் இது நடக்காத காரியம் என்றுதான் நினைத்தேன். மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரும் அம்மாக்கள், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே "ஏன்?", "ஏன்?" என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். சிலருக்கு அதில் ஒரு குஷியே வந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா என்னிடம், "டீச்சர், எங்க வீட்டு ஆளு குடிச்சிட்டு வந்தா இப்ப நான் ஏன்னு மட்டுந்தான் கேக்குறேன். மனுசன் பதில் தெரியாம படுத்துக்கிறாரு" என்றார். கூட்டமே சிரித்தது. அந்தோனி சேர்கூடச் சிரித்தார்.

அப்படிச் சொன்னவர் லெட்சுமி. அவருடைய மகள் தர்ஷினி என் பத்தாம் தர வகுப்பில் இருந்தாள்.

அந்த வருடம் மழை விடவேயில்லை. பிள்ளைகள் ஈரச் சீருடையோடு வந்து ஈரச் சீருடையோடு போனார்கள். மண்சரிவு எச்சரிக்கை வானொலியில் காலையும் மாலையும் சொன்னார்கள். ஒரு வியாழக்கிழமை, வகுப்பில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் நான் கத்திக் கத்தித்தான் பாடம் நடத்தினேன். சொந்தக் கணக்குக்குத் தர்ஷினியின் முறை. அந்தோனி சேர் வழக்கம்போலப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

அவள் கரும்பலகையில் இரண்டு கட்டைகளை வரைந்தாள். நடுவே நெளிநெளியாக ஒரு கோடு இழுத்தாள். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. ஆபீசுல இருந்து ஆளுங்க வந்து வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் கட்டை அடிச்சிட்டுப் போனாங்க. இன்னைக்குக் காலைல ரெண்டு கட்டைக்கும் நடுவுல முப்பத்திரண்டு சென்ரிமீற்றர். ஒவ்வொரு நாளும் ரெண்டு கூடுது. நாப்பதைத் தொட்டா லயத்த விட்டுப் போயிரணும்னு சொல்லிருக்காங்க. இன்னும் எத்தனை நாள்ல நாங்க போகணும்?"

அதே லயத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வேண்டாம் பாப்பா, வேறு கணக்குச் செய் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் அவள் எழுதத் தொடங்கிவிட்டாள்.

32 + 2x = 40

"முப்பத்திரண்டு ஏன்?" பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"இன்னைக்கு அளந்தது சேர். அடிமட்டம் எட்டல, பென்சிலால அடையாளம் வச்சு மிச்சத்த அளந்தேன்."

2x = 8

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் முப்பத்திரண்டக் கழிச்சேன் சேர்."

x = 4

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் ரெண்டால வகுத்தேன். போட்டுப் பார்த்தா, முப்பத்திரண்டும் எட்டும் நாப்பது. சரி சேர்."

வகுப்பு முழுக்க மூச்சு விட்டது. "அப்ப திங்கக்கிழமை வரைக்கும் பயமில்லடி!" என்று அவள் லயத்துப் பிள்ளை ஒருத்தி உரக்கச் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தர்ஷினியும் சிரித்துக்கொண்டே நாலைச் சுற்றிக் கட்டம் போட்டாள்.

அந்தோனி சேரின் தலை ஆடவில்லை. "அந்த ரெண்டு ஏன்?" என்று கேட்டார்.

"நேத்தும் ரெண்டு, முந்தாநாளும் ரெண்டு சேர்."

"நாளைக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மழைக்காக அன்று பாடசாலையை நேரத்தோடு விட்டிருந்தோம். பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று ஓடினார்கள்.

நான் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். என் வேலையே பிள்ளைகளின் கணக்கில் பிழை தேடுவதுதான். குறி மாறியிருக்கும், கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருப்பார்கள், எனக்குக் கண் தானாக அங்கே போய் நிற்கும். அன்றைக்கு ஒரு பிழை கிடைக்காதா முருகா என்று மேலும் கீழும் தேடினேன். ஒரு வரியிலும் பிழை இல்லை.

அந்தோனி சேர் அருகில் வந்து நின்றார். "படியெல்லாம் சரிதாங்க டீச்சர். ஆனா மலைக்கு அந்தப் படி தெரியாதே. நாளைக்கு ரெண்டு கூடும்னு யாரு எழுதிக் குடுத்தது? ஒரே இரவுல இருபது கூடலாம்" என்றார். பிறகு குரல் இறங்கிப்போய், "இந்த நாலு இந்நேரம் லயத்துக்குப் போயிருக்கும். வீட்டுல வாய்விட்டுச் சொல்லுவாங்க. நம்மதானே பழக்கி வச்சிருக்கோம்" என்றார்.

இரண்டு பேரும் குடையை எடுத்துக்கொண்டு அப்போதே புறப்பட்டோம். வழி முழுக்கச் சேறு. பாதத்தில் ஏறிய அட்டையைக்கூட நான் கவனிக்கவில்லை.

நாங்கள் பயந்தது நடந்திருந்தது. லயத்து முன் திண்ணையான இஸ்தோப்பில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தோட்டத் தலைவர் பழனியாண்டி நடுவில் நின்றார். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க சேர், வாங்க டீச்சர். பிள்ளை கணக்குப் போட்டு திங்கக்கிழமைன்னு சொல்லிருச்சு. நாங்களும் அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்கோம். ஞாயித்துக்கிழமை சாமானெல்லாம் கட்டிட்டு, திங்கக்கிழமை விடியக்காலம் எறங்கிருவோம்" என்றார்.

"அதுவரைக்கும் இருக்காதீங்க. இப்பவே வாங்க" என்றேன்.

"ஏன் டீச்சர்? கணக்குல பிழையா?"

இதற்கு என்ன சொல்வது? பிழை இல்லை என்று சொன்னால் திங்கட்கிழமைதான். பிழை என்று சொன்னால், எங்கே என்று காட்டச் சொல்வார்கள். தர்ஷினி அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கு சரி. மலை அந்தக் கணக்குப்படி நடக்கும்னு சொல்ல முடியாது" என்றேன்.

ஒருவர் லயத்துக்குப் பின்னால் போய்க் கட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தார். "காலைல இருந்த மாதிரியேதான் இருக்கு. ஒரு நூல்கூட கூடல" என்றார். ஆபீஸ் ஆட்கள் சொன்னதே வேறு. நாற்பதைத் தொட்டால் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள், அதற்கு முன்பே போய்விட்டால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். இவர்கள் அதில் நாற்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது வரைக்கும் இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முந்தின வருடம் இதேபோலப் பயந்து பாடசாலை மண்டபத்துக்கு வந்தவர்கள், ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போனபோது கோழி ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பெயரும் இல்லை, கூலியும் இல்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்று கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

"அட டீச்சர், நீங்க அட்டைக்கே அலறுறவங்களாச்சே" என்று லெட்சுமி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் காலில் ஏறியிருந்த அட்டையை அவரே குனிந்து, உப்பு வைத்து எடுத்துவிட்டார். "பயப்படாதீங்க டீச்சர். எம் பிள்ள போட்ட கணக்கு. வரிக்கு வரி ஏன்னு கேட்டுட்டேன். எல்லாத்துக்கும் பதில் சொல்லிருச்சு" என்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சில்லிடுகிறது.

அந்தோனி சேர் அதற்கு மேல் வாதாடவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, "சரி, நீங்க திங்கக்கிழமை வாங்க. ஆனா பிள்ளைங்களுக்கு நாளையிலிருந்து மண்டபத்துல விசேச வகுப்பு. ராத்திரியும் அங்கேயே தங்கிப் படிக்கணும். பரீட்சை வருது. சமைச்சுப் போட அம்மாமார் வரணும்" என்றார். அப்படி ஒரு வகுப்பு அந்த நிமிடம் வரைக்கும் கிடையாது. மலைக்குப் பயப்படாதவர்கள் பரீட்சைக்குப் பயந்தார்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள், கூடவே அம்மாக்களும் சட்டிபானைகளும். பிறகு, சோறு இருக்கும் இடத்துக்கு ஆண்களும் வந்து சேர்ந்தார்கள். பழனியாண்டிதான் கடைசியாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலையில் நான் மண்டபத்துக்குப் போனபோது பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். தர்ஷினி என்னிடம் வந்து, "டீச்சர், அம்மாவப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். அடுப்படியில் பார்த்தேன், இல்லை. குழாயடியில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரப் பெண் ஒருத்தி தேங்காய் துருவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், "லெட்சுமியா? ஆட்டுக்குக் குழை போட லயத்துக்குப் போயிருக்கு. நான் வேணாம்னுதான் சொன்னேன். திங்கக்கிழமை வரைக்கும் நாள் இருக்கே, எம் மக சொல்லியிருக்காளேன்னு சொல்லிட்டுப் போகுது."

தர்ஷினி எனக்குப் பின்னாலேயே நின்று கேட்டுவிட்டாள். "நான்தான் சொன்னேன்... நான்தான் டீச்சர் சொன்னேன்" என்றாள். அதற்கு மேல் அவளைப் பிடிக்க முடியவில்லை, மழையில் இறங்கி ஓடினாள். நான் அவளுக்குப் பின்னால், எனக்குப் பின்னால் அந்தோனி சேர், அவருக்குப் பின்னால் யார் யாரோ. நான் ஓடினேன் என்பதே எனக்கு இன்றைக்கும் நம்ப முடியவில்லை. கோயில் திருப்பத்தை எட்டும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தேன். ஆனால் இடி முடிந்துவிடும், இது முடியவில்லை. காலுக்குக் கீழே பாதை நடுங்கியது. பச்சை மண் வாசனை மூக்கில் அடித்தது.

தர்ஷினி கத்திய கத்தலை நான் எழுத மாட்டேன்.

அந்தோனி சேர் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழைக்குள்ளிருந்து ஒரு உருவம் ஏறி வந்தது. தலையில் சாக்கு, ஒரு காலில் செருப்பு இல்லை, முழங்கால் வரை சேறு. லெட்சுமி. மகளைக் கண்டதும் அவர் அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"கதவத் தொறக்கத்தான் போனேன் பாப்பா. நீ தெனமும் கத்துவியே, வெட வந்தா போதாது, போட்டுப் பார்க்கணும்னு. சரி, கட்டையப் பார்த்துட்டு உள்ள போவோம்னு பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டை மட்டுந்தான் நிக்குது. மத்ததக் காணோம். ஆட்ட அவுக்கக்கூட நிக்கல, ஓடியாந்துட்டேன்." அப்புறம்தான் ஆட்டை நினைத்து ஓவென்று அழுதார்.

லயத்தைச் சேர்ந்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லயம்தான் இல்லை. தர்ஷினி அன்று முழுக்க அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சாப்பிடச் சொன்னால் தலையை ஆட்டினாள், சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை பாடசாலை நடத்தவில்லை. வகுப்பறைகளிலும் ஆட்கள் தங்கியிருந்தார்கள். பத்தாம் தர அறையில் பாய் விரிக்க இடம் பார்க்க நானும் லெட்சுமியும் போனோம். கரும்பலகையை யாரும் அழித்திருக்கவில்லை. இரண்டு கட்டைகள், நெளிந்த கோடு, சமன் குறிக்கு நேர் கீழே சமன் குறி, கடைசியில் கட்டம் போட்ட விடை. நான் அதற்குச் சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை. என்ன போடுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

லெட்சுமி கரும்பலகைக்குக் கிட்டப் போய் நின்றார். வரி வரியாகப் பார்த்தார்.

"இதுதானா டீச்சர் அந்த நாலு?"

"ஆமா."

லெட்சுமி சேலைத் தலைப்பை எடுத்து, அந்தக் கட்டத்தையும் அதற்குள் இருந்த நாலையும் மட்டும் அழுத்தி அழுத்தித் துடைத்தார். மேலே இருந்த வரிகளைத் தொடவில்லை.

"இது இங்க இருக்க வேணாம் டீச்சர்" என்றார். "யாராச்சும் நம்பிருவாங்க."